உணவுக்குழாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது சாப்பாடு: வாய் வழியா, மூக்குக் குழாயா, வயிற்றுக் குழாயா?

உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பத்தில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். எந்த நிலை, அறுவை சிகிச்சை உண்டா, முடி கொட்டுமா, சிங்கப்பூரின் மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்பீடு எவ்வளவு கொடுக்கும், வேலைக்கு எத்தனை நாள் விடுப்பு. 'சிகிச்சை நடக்கும்போது இவர் எப்படிச் சாப்பிடப்போகிறார்?' என்ற கேள்வி கடைசியில்தான் வரும். சில வீடுகளில் வருவதே இல்லை. மூன்றாவது வாரத்தில் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று அவசரப் பிரிவில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று குழாய் வைக்கலாமா என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் நிதானமாக யோசிக்க யாராலும் முடியாது.

என் மாமனாருக்குக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்த காலத்தில் அவருடைய சாப்பாட்டுப் பொறுப்பு என்னிடம் இருந்தது. அதற்குப் பிறகு உறவிலும் அக்கம்பக்கத்திலும் இதே நோய் வந்தவர்களின் வீடுகளில் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் என்ன கேட்க வேண்டும், ஒவ்வொரு வழியும் வீட்டுக்கு வந்தபின் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த வழியைத் தேர்ந்தாலும், முதல் கதிர்வீச்சுக்கு முன்பே தேர்ந்துவிடுங்கள். மாற்று வழியையும் அப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

விழுங்க முடியாமல் போவது ஏன், எப்போது

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கட்டி குழாயின் பாதையை ஏற்கெனவே குறுக்கியிருக்கும். இன்னொன்று சிகிச்சையால் வருவது. கதிர்வீச்சு படும் இடத்தில் உணவுக்குழாயின் உள்தோல் வெயிலில் வெந்த தோலைப்போலப் புண்ணாகும். கூடவே கொடுக்கும் கீமோ அந்தப் புண்ணை அதிகமாக்கும்.

அறுவை சிகிச்சைக்கு முன்பாகக் கொடுக்கும் சிகிச்சையில் பரவலாக இருக்கும் ஒரு முறை 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்விலிருந்து வந்தது. வாரத்தில் ஐந்து நாளாக 23 முறை கதிர்வீச்சு, மொத்தம் 41.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). கூடவே வாரம் ஒருமுறையாக ஐந்து வாரம் கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற இரண்டு கீமோ மருந்துகள். அறுவை சிகிச்சை இல்லாமல் இதையே முழுச் சிகிச்சையாகக் கொடுக்கும்போது பெரும்பாலும் 28 முறை, மொத்தம் 50.4 கிரே வரை போகும். எல்லாருக்கும் இதே கணக்கு என்று இல்லை. சுரப்பித் திசுவில் தொடங்கும் அடினோகார்சினோமா வகைக் கட்டிக்குச் சில இடங்களில் கதிர்வீச்சே இல்லாமல் கீமோ, அறுவை சிகிச்சை, மறுபடி கீமோ என்றும் கொடுக்கிறார்கள். உங்களுக்கு எது என்பது மருத்துவக் குழு முடிவு செய்வது.

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் வாரம் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. சிலருக்கு விழுங்குவது கொஞ்சம் எளிதாகக்கூட ஆகும். அதைப் பார்த்துக் குடும்பம் அசந்துவிடும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் எரிச்சல் தொடங்கும். சிகிச்சை முடியும் தறுவாயிலும் முடிந்த பிறகு ஓரிரு வாரமும்தான் உச்சம். கடைசி நாள் வீட்டுக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்குப் பின் வரும் வாரங்களுக்கும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

எடை குறைவது நோயாளி மெலிந்து தெரிவதோடு நிற்பதில்லை. கதிர்வீச்சுத் திட்டம் முதலில் எடுத்த ஸ்கேன் படத்தின் அளவுக்குத்தான் வரையப்படுகிறது. உடம்பு சுருங்கினால் மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டத்தை மாற்ற வேண்டிவரலாம். நீர்ச்சத்து குறைந்தால் சிறுநீரகம் பாதிக்கும், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுத்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். கீமோ தள்ளிப்போகும், கதிர்வீச்சில் இடைவெளி விழும். இடைவெளி விழாமல் முடிப்பதுதான் இந்தச் சிகிச்சைக்குப் பலம்.

எவ்வளவு தேவை? பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ இருப்பவருக்கு 1,500 முதல் 1,800 கலோரி, 60 முதல் 90 கிராம் புரதம் என்று வருகிறது. ஒரு கிண்ணம் வெறும் அரிசிக் கஞ்சியில் புரதம் இரண்டு மூன்று கிராம் தேறினால் அதிகம். 'கஞ்சி குடிக்கிறார், பரவாயில்லை' என்று நாம் நிம்மதி அடைவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

முதலில் கேட்க வேண்டியவை

அறுவை சிகிச்சை திட்டத்தில் இருக்கிறதா? இந்தக் கேள்வியின் பதில் குழாய்த் தேர்வையே மாற்றிவிடும். உணவுக்குழாயை அகற்றினால், பெரும்பாலும் இரைப்பையைக் குழாய் வடிவில் மாற்றி மேலே இழுத்துத்தான் புதுப் பாதை அமைப்பார்கள். அந்த இரைப்பையில் முன்கூட்டியே ஓட்டை போட்டுக் குழாய் வைப்பதை, அதுவும் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் நாளத்துக்கு ஆபத்து வரும்படி வைப்பதை, பல அறுவை மருத்துவர்கள் விரும்ப மாட்டார்கள். எனவே வயிற்றுக் குழாய்ப் பேச்சு வந்தால், அறுவை மருத்துவருக்குத் தெரியுமா என்று அங்கேயே கேளுங்கள். ஒரு துறையில் சொன்னது இன்னொரு துறைக்குத் தானாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம்.

அடுத்து, இன்றைக்கு எது இறங்குகிறது? சோறு இறங்குகிறதா, மசித்தது மட்டுமா, திரவம் மட்டுமா, எச்சிலே தங்குகிறதா? எண்டோஸ்கோப்பிக் குழாய், அதாவது உள்ளே பார்க்கும் கேமராக் குழாய், கட்டியைத் தாண்டிப் போனதா என்பதும் முக்கியம்.

அப்புறம், கடந்த சில மாதங்களில் எவ்வளவு எடை போயிருக்கிறது, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள். கடைசிக் கேள்வியை மருத்துவர் கேட்காமல் விட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

வாய் வழி

கூழாவது இறங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. விழுங்கும் தசைகள் வேலையில் இருக்கும், குழாயால் வரும் தொற்று கிடையாது, எல்லாரோடும் மேசையில் உட்கார முடியும். ஆனால் இது எளிதான வழி என்று நினைக்காதீர்கள். இருப்பதிலேயே உழைப்பு அதிகம் கேட்பது இதுதான்.

நம் சமையலில் இதற்கு நல்ல உணவுகள் நிறைய இருக்கின்றன. கேழ்வரகுக் கூழைத் தண்ணீரில் காய்ச்சாமல் பாலில் காய்ச்சலாம். பாசிப்பருப்பை நன்றாக வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டுப் பாயசமாகத் தரலாம். இட்லியைப் பாலில் ஊறவைத்து மசிக்கலாம். குழைந்த சோற்றில் நெய்யும் பருப்பும் சேர்த்து மிக்சியில் ஓட்டி வடிகட்டலாம். கடைகளில் கிடைக்கும் தௌ ஹுவே, அந்த வழவழப்பான சோயா இனிப்பு, எரிச்சல் இல்லாமல் இறங்கும், புரதமும் உண்டு. மீன் கஞ்சியை முள் பார்த்து அரைத்துக் கொடுக்கலாம். காப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை மட்டும் இந்தக் காலத்தில் வேண்டாம். கீமோவால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், முட்டை முழுக்க வெந்திருக்க வேண்டும். ஆவியில் வேகவைத்த முட்டை அதே மென்மையைத் தரும்.

வீட்டுச் சாப்பாட்டால் மட்டும் கணக்கு நிறையாது. எங்கள் வீட்டிலும் நிறையவில்லை. 200 மில்லிலிட்டரில் சுமார் 300 கலோரியும் 11, 12 கிராம் புரதமும் இருக்கும் சத்துப்பால்கள் உள்ளன. நாளுக்கு இரண்டு மூன்று குடித்தால் பெரிய ஓட்டை அடைபடும். இனிப்புத் திகட்டினால் குளிரவைத்துக் கொடுங்கள், பாயசத்தில் தண்ணீருக்குப் பதில் ஊற்றுங்கள்.

ரசம் பற்றிக் கேட்பார்கள். உடம்பு சரியில்லை என்றால் மிளகு ரசம் என்பது நம் கைப்பழக்கம். புண்ணான உணவுக்குழாயில் மிளகும் புளியும் மிளகாயும் எரியும். என் அத்தைக்கு இதை ஏற்றுக்கொள்வதுதான் சிரமமாக இருந்தது, ஏனென்றால் அவர் அன்பைக் காட்டத் தெரிந்த முறையே அது. பருப்புத் தண்ணீரில் சீரகமும் நெய்யும் போட்டுத் தந்தோம். அவர் கையாலேயே செய்யட்டும் என்று விட்டுவிட்டோம். சூடும் கவனிக்க வேண்டியது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தூண்டக்கூடியவையாக இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் வகைப்படுத்தியது. புண்ணுக்கும் சூடு ஆகாது. தே தாரே தேநீர் ஆனாலும் சூப் ஆனாலும் ஆறட்டும்.

வாய் வழி நிற்பதும் விழுவதும் வலி மருந்தில்தான். புண்ணை மரத்துப்போக வைக்கும் திரவம், அமிலத்தைக் குறைக்கும் மருந்து, தேவைப்பட்டால் திரவ மார்ஃபின் என்று மருத்துவர் தருவார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுப்பதா, உடனடி முன்பா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மார்ஃபின் என்றதும் நம்மவர்கள் பயப்படுகிறார்கள், கடைசிக் கட்டத்துக்குத் தரும் மருந்து என்று எண்ணுகிறார்கள். இங்கே அது சாப்பிட வைப்பதற்கான மருந்து. மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள். திடீரென்று வலி கூடி வாயில் வெள்ளைப் படலம் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு.

நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம். அதனால் 'பால் வேண்டாம், இனிப்பு வேண்டாம்' என்று குறைத்துக்கொண்டே வருவார்கள். 'சர்க்கரை கட்டியை வளர்க்கும்' என்ற பேச்சும் வாட்சாப்பில் சுற்றுகிறது. இந்த ஆறு வாரத்தில் பட்டினியால் வரும் ஆபத்துதான் உடனடியானது. சாப்பாட்டைக் குறைக்காமல் நீரிழிவு மருந்தின் அளவை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். விரதமும் அப்படித்தான். புரட்டாசியில் சைவம் இருப்பவர்கள் பனீர், பருப்பு, தயிர், சோயா என்று புரதத்தை ஈடுகட்டலாம், ஆனால் ஒருவேளை மட்டும் சாப்பிடும் விரதம் வேண்டாம். நோன்பு மாதத்தில் நோயாளிகளுக்கு மார்க்கமே விலக்கு அளித்திருக்கிறது.

இந்த வழியில் பெரிய சிக்கல், தோல்வி மெல்ல மெல்ல வருவது. நேற்றைவிட இன்று அரைக் கிண்ணம் குறைவு, நாளை இன்னும் கொஞ்சம் குறைவு. 'இன்னும் ஒரு வாய்' என்று கெஞ்சுவோம், அவர் முகத்தைத் திருப்புவார், வீடே சாப்பாட்டு நேரத்தில் இறுகிப்போகும். அதற்காகத்தான் எல்லையை முன்கூட்டியே பேசச் சொல்கிறேன். தேவையில் பாதிகூட ஒரு வாரத்துக்கு மேல் இறங்கவில்லை, அல்லது பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடுகிறது என்றால், வாய் வழி மட்டும் போதாது என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து வல்லுநர்களின் வழிகாட்டுதல். இதை நோயாளி தெளிவாக இருக்கும்போதே அவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு எழுதி வைத்துவிடுங்கள். பிறகு வாதம் வராது.

மூக்குக் குழாய்

மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் மெல்லிய குழாய். அறுவை இல்லை, மயக்கம் இல்லை, தாதி படுக்கை அருகிலேயே வைத்துவிடுவார். கட்டி மிகவும் இறுகியிருந்தால் மட்டும் எண்டோஸ்கோப்பி உதவி தேவைப்படலாம். வேலை முடிந்ததும் உருவி எடுத்துவிடலாம், வயிற்றில் தழும்பு இருக்காது. அறுவை சிகிச்சைத் திட்டம் இருப்பவர்களுக்கும் தடை இல்லை. சில வாரங்களுக்கான தேவை என்றால், என் பார்வையில் இதுதான் மாற்று வழிகளில் முதலில் நிற்க வேண்டியது.

ஆனாலும் இதைத்தான் நம்மவர்கள் அதிகம் மறுக்கிறார்கள். முகத்தில் தெரிகிறது, அதுதான் காரணம். மின்தூக்கியில் பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள், கோயிலுக்குப் போக முடியாது, பேரப்பிள்ளைகள் பயப்படும். இந்தக் கூச்சத்தை 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று தள்ளிவிட வேண்டாம், அது உண்மையான வேதனை. என் மாமனாரும் வேண்டாம் என்றுதான் நின்றார். இது எப்போது எடுக்கப்படும் என்று தாதி ஒரு காலக்கெடு சொன்ன பிறகுதான் இறங்கிவந்தார். முடிவு உண்டு என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

வீட்டில் இதைப் பராமரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை சத்துப்பால் ஊற்றும் முன்பும் குழாயின் நுனி இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி அமிலத்தன்மையைக் காட்டும் காகிதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள், வெளியே தெரியும் நீள அடையாளத்தையும் சரிபார்ப்பார்கள். அமிலத்தைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குக் காகிதம் ஏமாற்றலாம். சந்தேகம் என்றால் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. படுத்தபடி கொடுக்கக் கூடாது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்தபின்னும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். வீட்டில் அரைத்த கஞ்சியை ஊற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும், சத்தும் கணக்கில் வராது. மாத்திரைகளையும் கேட்காமல் பொடிக்க வேண்டாம், சிலவற்றைப் பொடித்தால் மருந்தின் தன்மையே மாறிவிடும்.

இருமும்போதும் வாந்தி எடுக்கும்போதும் குழாய் வெளியே வந்துவிடுவது உண்டு. இரவில் வந்தால் பதறாதீர்கள். நீங்களாக உள்ளே தள்ள வேண்டாம், ஊற்றுவதை நிறுத்திவிட்டு, கொடுத்திருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். குழாய் இருந்தாலும், மருத்துவர் தடுக்காத வரை, நாளுக்குப் பலமுறை வாயால் தண்ணீராவது விழுங்கட்டும்.

வயிற்றுக் குழாய்

வயிற்றுத் தோல் வழியாக நேராக இரைப்பைக்குள் வைப்பது. சட்டைக்குள் மறைந்துவிடும், மூக்கில் உறுத்தல் இல்லை, சற்றுத் தடிமனான குழாய் என்பதால் எளிதில் அடைக்காது, மாதக் கணக்கில் வைத்திருக்கலாம். அறுவை சிகிச்சை இல்லை, கீமோவும் கதிர்வீச்சும்தான் முழுச் சிகிச்சை என்று முடிவானவர், இப்போதே திரவம்தான் இறங்குகிறது, எடையும் நிறையக் குறைந்திருக்கிறது என்றால் இதைத் தொடக்கத்திலேயே வைப்பது நல்ல முடிவாக இருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. இது ஒரு சிறு அறுவைச் செயல்முறை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்துவதைப் பற்றி முன்பே பேச வேண்டும். வைத்த இடத்தில் தொற்று வரலாம், கீமோ நடுவில் வெள்ளணு குறைந்திருக்கும்போது வைத்தால் அந்த ஆபத்து கூடும். அதனால்தான் காலம் முக்கியம். எண்டோஸ்கோப்பி வழியாக வாயிலிருந்து இழுத்து வைக்கும் முறையில், குழாய் கட்டியை உரசிக்கொண்டு போவதால் புற்றணுக்கள் வயிற்றுத் துளையில் ஒட்டி வளர்ந்த நிகழ்வுகள் அரிதாகப் பதிவாகியுள்ளன. ஸ்கேன் அறையில் வெளியிலிருந்தே நேராக வைக்கும் முறையில் அந்தப் பாதை தவிர்க்கப்படுகிறது, எண்டோஸ்கோப்பி போகாத இறுகிய கட்டிக்கும் பொருந்தும். எந்த முறையில் வைப்பீர்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

எனக்குக் கவலை தருவது வேறு. இது வசதியாக இருப்பதால், சிலர் விழுங்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். பயன்படுத்தாத தசை சோர்ந்துபோகும், பிறகு வாய்ச் சாப்பாட்டுக்குத் திரும்புவது சிரமமாகும். வயிற்றுக் குழாய் வைத்த வீட்டில் வாயால் விழுங்கும் பழக்கத்தை மருந்து நேரம்போல நினைவுபடுத்த வேண்டும்.

சிறுகுடல் குழாய், ஸ்டென்ட், டிரிப்

அறுவை சிகிச்சை உறுதி, ஆனால் இப்போதே எதுவும் இறங்கவில்லை, மூக்குக் குழாயும் ஒத்துவரவில்லை என்றால் சிறுகுடலில் குழாய் வைப்பார்கள். இரைப்பை தொடப்படாமல் இருக்கும். இதில் பாலை ஒரேயடியாக ஊற்ற முடியாது, பம்பு வைத்து மணிக்கணக்கில் மெதுவாகச் செலுத்த வேண்டும், வேகம் கூடினால் வயிற்றுப்போக்கு. இரவில் பம்பை ஓடவிட்டுப் பகலில் சுதந்திரமாக இருப்பவர்கள் உண்டு.

ஸ்டென்ட் என்பது கட்டிக்குள் விரியும் உலோக வலைக்குழாய். வைத்த ஓரிரு நாளில் சாப்பாடு இறங்குவதால் குடும்பங்களுக்கு ஈர்ப்பு அதிகம், 'அதை வைத்துவிட்டால் முடிந்ததே' என்று கேட்பார்கள். குணப்படுத்தும் நோக்கத்தோடு கீமோவும் கதிர்வீச்சும் தொடங்கப்போகிறவருக்கும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கும், ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி மருத்துவர்களின் வழிகாட்டுதல் இதைப் பரிந்துரைப்பதில்லை. கட்டி சுருங்கும்போது இடம் நகரலாம், வலி, ரத்தக்கசிவு, துளை விழுதல் ஆகியவை நேரலாம். நோயைக் குணப்படுத்த முடியாத நிலையில், விழுங்கும் சிரமத்தை மட்டும் தீர்க்கத்தான் இது நல்லது.

'ஒரு குளுக்கோஸ் டிரிப் ஏற்றிவிடுங்கள், தெம்பு வந்துவிடும்' என்பதையும் அடிக்கடி கேட்கிறேன். 5 விழுக்காட்டு குளுக்கோஸ் ஒரு லிட்டரில் 50 கிராம் சர்க்கரைதான், 200 கலோரிகூட வராது, புரதம் துளியும் இல்லை. நீர்ச்சத்துக்கு உதவும், சாப்பாட்டுக்கு ஈடாகாது. ரத்தக்குழாய் வழியாக முழு ஊட்டம் தருவது குடல் வேலை செய்யாதவர்களுக்கானது.

சிங்கப்பூரில் நடைமுறை

சிகிச்சை எங்கே என்பதும் சாப்பாட்டைப் பாதிக்கும். ஊட்ரமில் இருக்கும் தேசியப் புற்றுநோய் நிலையத்துக்கோ கெண்ட் ரிட்ஜில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழகப் புற்றுநோய்க் கழகத்துக்கோ வாரத்தில் ஐந்து நாள் போய் வர வேண்டும். கதிர்வீச்சு ஓடுவது சில நிமிடம்தான். பயணமும் காத்திருப்பும் சேர்ந்து இரண்டு வேளைச் சாப்பாட்டை விழுங்கிவிடும். நாங்கள் ஈசூனிலிருந்து போய் வந்தோம், பையில் சத்துப்பாலும் ஆறின கூழும் இல்லாமல் கிளம்பியதில்லை. முடிந்தால் தினமும் ஒரே நேரம் கேளுங்கள், வலி மருந்தையும் சாப்பாட்டையும் அதைச் சுற்றி அமைக்கலாம். வாரம் ஒருமுறை மருத்துவர் பார்க்கும் நாளில் எடை, ரத்தப் பரிசோதனை, உணவியல் நிபுணர் மூன்றையும் சேர்த்துப் போட முடியுமா என்றும் கேளுங்கள்.

பகலில் யாரும் இல்லாத வீட்டில் மூக்குக் குழாய் ஆபத்து. பணிப்பெண் இருந்தால் மருத்துவமனையிலேயே அவருக்குப் பயிற்சி தருவார்கள், ஆனால் குடும்பத்தில் இன்னொருவரும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். அவருக்கும் ஓய்வுநாள் உண்டு, குழாய் விழுவது நாள் பார்த்து நடப்பதில்லை. வீட்டுக்கு வந்து குழாய் மாற்றும் தாதிமைச் சேவைகளும் இங்கே கிடைக்கின்றன.

கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் மெடிஷீல்டு லைஃபும் நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவும் கைகொடுக்கும். தினசரிச் சத்துப்பால் செலவு பெரும்பாலும் நம் கையிலிருந்துதான் போகிறது, அது சிறிய தொகை அல்ல. வீட்டுப் பராமரிப்புச் சேவை பெறும் மூத்தோருக்குச் சத்துப்பால், குழாய் போன்றவற்றுக்கு அரசு நிதியுதவி உண்டு. தகுதியை மருத்துவ சமூக ஊழியர் பார்த்துச் சொல்வார். பணம் தீர்ந்த பிறகு அவரிடம் போகாமல், முதல் வாரத்திலேயே சந்தித்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால்

மசித்த சாப்பாடு இறங்குகிறது, எடை அதிகம் குறையவில்லை என்றால், வாய் வழியில் தொடங்கி, எழுதிவைத்த எல்லையைத் தொட்ட அன்றே மூக்குக் குழாய்க்குப் போங்கள். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று இழுக்காதீர்கள். திரவம் மட்டும்தான் இறங்குகிறது, அறுவை சிகிச்சையும் திட்டத்தில் இருக்கிறது என்றால், தொடக்கத்திலேயே மூக்குக் குழாயா சிறுகுடல் குழாயா என்று அறுவை மருத்துவரோடு பேசுங்கள். அறுவை சிகிச்சை கிடையாது, எடை நிறையப் போய்விட்டது, பல மாதம் ஆகும் என்று தெரிந்தால் வயிற்றுக் குழாயைக் கீமோ தொடங்கும் முன்பே வைத்துக்கொள்வதை ஆதரிப்பேன். வயதானவர், தனியாக இருப்பவர், கைநடுக்கம் உள்ளவர் என்றால் மூக்குக் குழாயைவிட வயிற்றுக் குழாய் பாதுகாப்பானதாக இருக்கலாம். நோயாளி தெளிவான மனத்தோடு எந்தக் குழாயும் வேண்டாம் என்றால், அவர் சொல்லே முடிவு. அப்போது நம் வேலை, வலி மருந்தையும் வாய்ச் சாப்பாட்டையும் இன்னும் கவனமாகப் பார்ப்பது.

எந்த வழியில் இருந்தாலும் இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது: 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே தங்காமல் போவது, ரத்த வாந்தி, கறுப்பு மலம், திடீர் நெஞ்சுவலி, ஊற்றும்போது இருமலோ மூச்சுத்திணறலோ. இவற்றுக்கு நேராக அவசரப் பிரிவுதான், கீமோ எடுப்பவர் என்று உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுங்கள்.

குழாயை எடுப்பதும் படிப்படியாகத்தான். வாயால் இறங்கும் அளவு கூடக்கூட, உணவியல் நிபுணர் குழாய்ப் பாலைக் குறைத்துக்கொண்டே வருவார். எடை சில வாரம் நிலையாக நின்ற பிறகுதான் எடுப்பார்கள். அதற்குப் பிறகு, சில மாதம் கழித்துக்கூட, சோறு மறுபடி சிக்குவதுபோல் தெரியலாம். நோய் திரும்பிவிட்டது என்று உடனே மனம் ஒடிந்துபோக வேண்டாம். கதிர்வீச்சுத் தழும்பால் குழாய் சுருங்கியிருக்கலாம், எண்டோஸ்கோப்பி வழியாக அதை விரித்துவிட முடியும். எதனால் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதால், அடுத்த சந்திப்பு நாள் வரை வைத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்து நாளை முன்னே போட்டுக்கொள்ளுங்கள்.